பின் கண்ணாடியில் ஏழு புள்ளிகள்

புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. எடுத்த எடுப்பிலேயே சொன்னாள்: "ஏலே, இங்கன ஒரு அண்ணாச்சி கேமரா கண்ணாடிய வச்சுத் தீக்குச்சி பத்த வைக்காவ. உனக்கு வேணும்னு சொன்னேல்லா? ஓடி வா."

"என்ன கண்ணாடிக்கா?"

"எனக்கென்ன தெரியும்? வட்டமா, கறுப்பா, நம்பரெல்லாம் போட்டிருக்கு. குட்டையா ஒண்ணு, நீளமா ஒண்ணு. வெயில்ல காட்டுதாவ, குச்சி சீறிக்கிட்டுப் பத்துது."

"ஐயோ, பத்த வைக்க வேண்டாம்னு சொல்லு. இப்பவே சொல்லு."

"நான் எப்படிச் சொல்ல? அவிய குச்சி, அவிய வெயிலு."

கேமராவைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தேன். எட்டயபுரம் சாலையில் இருக்கிறது அந்தத் தீப்பெட்டிக் கம்பெனி. வீட்டிலிருந்து பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் எத்தனை குச்சிகள் பற்ற வைக்கலாம் என்று கணக்குப் போட்டபடியே ஓட்டினேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு இருந்த ஒரே வேலை, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு லென்ஸ் தேடுவதுதான். ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் பழைய ஹாக்கி வீராங்கனைகள் ஆடுகிறார்கள். எங்கள் ஊரில் ஹாக்கி மட்டை இல்லாத தெரு குறைவு. மட்டையைத் தூக்கிப் பரணில் போட்ட பெண்களெல்லாம் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்து, ஒருத்தியை ஒருத்தி கேலி செய்து, கடைசியில் தூத்துக்குடி அணிக்கு அழைப்பு விட்டுவிட்டார்கள். அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கோல்கீப்பர்.

அவள் கடைசியாகப் பெரிய ஆட்டம் ஆடி முப்பது வருடங்களுக்கு மேல் ஆகிறது. அது மாவட்ட இறுதிப் போட்டி. நான் அப்போது பத்திரிகையில் பயிற்சி நிருபர். பழையதாக வாங்கிய ஒரு கேமரா என் கழுத்தில் தொங்கியது. ஆட்டம் தாமதமாகத் தொடங்கி இருட்டும் வரை போனது. கோல்கீப்பர் மட்டும் எதிரே நிற்க அடிக்கிற பெனால்டி ஸ்ட்ரோக் இரண்டை அக்கா தடுத்தாள். இரண்டையும் எடுத்தேன். கழுவிப் பார்த்தபோது இரண்டிலும் கோல் கம்பம் இருந்தது. நடுவில் பஞ்சுப் பொதி மாதிரி வெள்ளையாக ஏதோ ஒன்று இருந்தது. அதை அக்கா என்று அக்காவே ஒப்புக்கொள்ள மாட்டாள்.

படம்தான் போயிற்று, செய்தியாவது எழுதியிருக்கலாம். நான்கு வரி எழுதினேன். "இரு அணிகளும் கோல் அடிக்காததால் கோப்பை பகிர்ந்து அளிக்கப்பட்டது." அவள் பெயரை எழுதவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே இனிஷியல். சொந்த அக்காவைப் பற்றிப் பையன் எழுதிவிட்டான் என்று அலுவலகத்தில் பேசுவார்களோ என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு நேர்மை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அக்கா அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கோல் விழலன்னு எழுதியிருக்க. ஏன் விழலன்னு எழுதலியேலே?"

பிற்பாடு உதவி ஆசிரியராக எத்தனையோ பேருடைய செய்திகளைத் திருத்தியிருக்கிறேன். அந்தக் கேள்வியை விடச் சரியான திருத்தத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

இப்போது மறுபடியும் ஆட்டம் என்றதும் நான் படம் எடுக்கிறேன் என்றேன். அவள் நிபந்தனை போட்டாள். "போன்ல நூறு பேரு எடுப்பானுவ. நீ எந்தக் கேமராவுல கெடுத்தியோ அந்தக் கேமராவுலயே எடு. ஒரு படம் போதும். நான் தடுக்குத மாதிரி ஒண்ணு."

கேமரா நன்றாகவே இருந்தது. பேட்டரி இல்லாமல் ஓடும் இயந்திரம். ஷட்டர் இன்றைக்கும் சுத்தமாக அடிக்கிறது. லென்ஸ்தான் போய்விட்டது. எங்கள் பக்கத்து வெயிலில் லென்ஸுக்குள் இருக்கும் கிரீஸ் இளகி, ஒளியின் அளவைக் கூட்டிக் குறைக்கிற மெல்லிய தகடுகளில் இறங்கிவிடும். தகடுகள் எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். என்னுடையது பாதி மூடிய கண்ணாக அப்படியே நின்றுவிட்டது.

இணையத்தில் தேடினேன். கடலோர ஊர்களிலிருந்து நிறைய விற்பனைக்கு வந்திருந்தன. "லேசான பூஞ்சை உண்டு, படத்தில் தெரியாது" என்று ஒருவர் எழுதியிருந்தார். "லேசான" என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் அடித்துவிடுவது என் பழைய தொழில். இன்னொருவர் முன் கண்ணாடியைப் பன்னிரண்டு கோணங்களில் படம் பிடித்துப் போட்டிருந்தார், பின் கண்ணாடியை ஒரு கோணத்தில்கூடக் காட்டவில்லை. சொல்லாமல் விட்டதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். எதுவும் ஞாயிறுக்குள் வந்து சேராது என்பதும் தெரிந்தது. அப்போதுதான் அக்காவின் போன்.

அவள் அந்தக் கம்பெனிக்குப் போனது ஜெர்சி வாங்க. கம்பெனி முதலாளியான அண்ணாச்சிதான் அணிக்குச் சட்டையும் பந்தும் வாங்கிக் கொடுக்கிறார். வாசலில் காவலாளி என் போனை வாங்கி டப்பாவில் போட்டுக்கொண்டார். அக்கா ஆபீஸ் போனிலிருந்துதான் கூப்பிட்டிருக்கிறாள். குச்சியின் தலையை மருந்தில் முக்கும் இடம் பின்னால் தனியாக இருக்கிறது. நெருப்புச் சம்பந்தமான எதுவும் அந்தப் பக்கம் போகக்கூடாது. முன்பக்கம் ஆபீஸ். அதற்கும் கேட்டுக்கும் நடுவில் சிமெண்ட் போட்ட முற்றம். முற்றத்தின் நடுவில், உச்சி வெயிலில், வெள்ளைச் சட்டை போட்ட அறுபது வயது மனிதர் ஒருவர் குனிந்து நின்றார். பக்கத்தில் அக்கா கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"வாங்க தம்பி. டீச்சர் சொன்னாவ. இத மட்டும் பாத்துட்டு உள்ள போவோம்."

நான் வாயைத் திறக்கும் முன்பே அவர் குட்டை லென்ஸை வெயிலுக்குக் காட்டிவிட்டார். இடக் கையில் குச்சி. கண்ணாடிக்குக் கீழே இரண்டு விரல் தூரத்தில் ஒரு வெளிச்சப் பொட்டு விழுந்தது. அது குச்சியின் தலையில் ஏறியதும் 'சீத்' என்று சத்தம். ஒரு விநாடிகூட ஆகவில்லை. தீயும் புகையும் நேரே மேலே கிளம்பி லென்ஸின் பின் கண்ணாடியில் மோதின.

"எப்படி?" என்றார்.

நான் லென்ஸுக்குக் கையை நீட்டினேன்.

அவருடைய அப்பா காலத்துப் பழக்கம் அது என்று உள்ளே உட்கார்ந்ததும் சொன்னார். தீப்பெட்டி லேபிளுக்குப் படம் எடுக்க அப்பா ஒரு ஜப்பான் கேமராவும் இரண்டு லென்ஸும் வாங்கியிருக்கிறார். சுவர் நிறைய அந்த லேபிள்கள்: வாத்து, தராசு, பம்பரம், சிரிக்கிற பூசணிக்காய். கேமரா கீழே விழுந்து போய்விட்டது. லென்ஸ்களுக்கு அப்பா வேறு வேலை கண்டுபிடித்தார். வடக்கேயிருந்து கொள்முதல் செய்ய வருகிறவர்களை முற்றத்துக்குக் கூட்டிப் போய், உரசாமலே தன் குச்சி பற்றுவதைக் காட்டுவது. போட்டிக் கம்பெனிக் குச்சியையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவது.

"நம்ம குச்சிதான் மொதல்ல பத்துமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"பத்தும். நம்ம குச்சிக்குத்தான குட்டைக் கண்ணாடி. அவனுக்கு நீளக் கண்ணாடி."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். நான் அந்தப் பதிலைக் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஏனென்றால் அவர் தன்னை அறியாமல் சரியான சோதனை ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். லென்ஸில் ஓர் எண் போட்டிருக்கும். எண் சிறிதாகச் சிறிதாக வாய் பெரிது, வெளிச்சம் அதிகம். குட்டை லென்ஸில் 1.4 என்று இருந்தது. அதன் குவியத் தூரம் ஐம்பது மில்லிமீட்டர், நம் கண் பார்ப்பது போலப் பார்க்கும். நீளமானதில் 2.8, நூற்று முப்பத்தைந்து மில்லிமீட்டர், தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டு வரும். குட்டை லென்ஸ் நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஸ்டூடியோக்காரர்கள் கருவி வைத்து அளப்பதை இவர்கள் தீக்குச்சியை வைத்து அளந்திருக்கிறார்கள். இது ஒரு விநாடி என்றால் அது நான்கு விநாடி. கணக்கு துல்லியம்.

"கையில எடுத்துப் பாக்கட்டுமா?"

"தாராளமா."

குட்டையைக் கேமராவில் திருகினேன். இந்த லென்ஸ்களுக்கும் என் கேமராவுக்கும் ஒரே பழைய வகைத் திருகுதான். மூன்று சுற்று. கடைசியில் சிவப்புக் கோடு சரியாக மேலே வந்து நின்றது. கண்ணை வைத்தேன். என் பழைய லென்ஸில் எப்போதும் மங்கலாகத் தெரிகிற காட்சி, ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது. தகடுகளின் வளையத்தைச் சுழற்றினேன். எண்ணெய் இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் டிக், டிக் என்று நின்றது. ஃபோகஸ் வளையம் வெண்ணெய் போல ஓடியது. கேமராவிலிருந்து நான் கண்ணை எடுக்காததை அக்கா பார்த்துவிட்டாள்.

"பொண்ணு பாக்கப் போனப்பக்கூட இவன் இப்படிப் பாக்கல அண்ணாச்சி."

லென்ஸைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தேன். சந்தோஷம் அங்கேயே நின்றது. பின் கண்ணாடியில் பால் ஆடை போல ஒரு படலம். அதற்கு நடுவே புள்ளிகள். எண்ணினேன். ஏழு. தீக்குச்சி மருந்தில் கண்ணாடித் தூள் உண்டு. சீறும்போது தெறித்து ஒட்டியிருக்கிறது. முன் கண்ணாடியில் கீறல் இருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பின் கண்ணாடி ஃபிலிமுக்கு அருகில் இருப்பது. அங்கே உள்ள குறை படத்தில் இறங்கும்.

நீளமானதை எடுத்துப் பார்த்தேன். நேற்றுக் கடையிலிருந்து வந்தது போலச் சுத்தம். காரணம் எளிது. அதன் பின் கண்ணாடி குழலுக்குள் ஆழத்தில் இருக்கிறது. குச்சி அதற்கு நன்றாகத் தள்ளி நிற்கும். தெறிப்பது கண்ணாடிக்கு எட்டாது. அதோடு மெதுவாகப் பற்றுவதால் போட்டிக் கம்பெனிக் குச்சிக்கு மட்டும்தான் அதற்கு வேலை.

"குட்டை பின்னால தீய்ஞ்சிருக்கு. இருந்தாலும் ரெண்டும் வேணும் அண்ணாச்சி."

"ரெண்டும் தர ஏலாது தம்பி. பார்ட்டி வந்தா என்னத்த வச்சுக் காட்ட? நீளமானத எடுத்துக்கிடுங்க. பெருசு. பாக்கவும் கம்பீரமா இருக்கு. குட்டை எனக்கு வேணும்."

யாரைக் கேட்டாலும் நீளமானதைத்தான் எடுக்கச் சொல்வார்கள். விளையாட்டுப் படத்துக்கு அதுதான் லென்ஸ். கண்ணாடியும் பழுதில்லை. தர மனமில்லாத ஒன்றை, அதுவும் தீய்ந்துபோன ஒன்றை, ஏன் கேட்க வேண்டும்? இருந்தாலும் சோதிக்காமல் முடிவு செய்ய மனம் வரவில்லை.

லேபிள் வரைகிற பட்டர் பேப்பர் கிடைக்குமா என்று கேட்டேன். ஒரு தாள் கொடுத்தார். கேமராவின் பின் கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் இடத்தில் அந்தத் தாளை ஒட்டினேன். ஷட்டரைத் திறந்தபடி பிடித்தால் லென்ஸ் காட்டும் படம் அந்தத் தாளில் விழும். அக்காவை லேபிள் சுவர் முன்னால் நிறுத்தினேன். குட்டை லென்ஸ் வழியே அவள் தாளில் வந்தாள். தலைகீழாக, கட்டைவிரல் உயரத்தில், கழுத்துச் சங்கிலி வரை தெளிவாக. ஏழு புள்ளிகளில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

அவள் வந்து எட்டிப் பார்த்தாள். "அங்கன யாருமே இல்லையேலே."

"நீ இங்கன வந்துட்டா அங்கன எப்படி இருப்ப? போய் நில்லு."

அடுத்து அவளை ஜன்னல் பக்கம் நிறுத்தினேன். ஜன்னல் வெளிச்சம் லென்ஸுக்கு நேரே வந்ததும் தாள் முழுவதும் வெளுத்தது. அக்காவின் முகம் மோரில் விழுந்த மாதிரி கரைந்தது. இரண்டு அடி நகர்ந்தேன். ஜன்னல் வெளியே போனது. முகம் திரும்பி வந்தது. மறுபடி நகர்ந்தேன், கரைந்தது. ஐந்தாறு தடவை செய்து பார்த்தேன். விஷயம் விளங்கியது. நேரே முகத்தில் அடிக்கிற வெளிச்சம் மட்டும்தான் இந்தக் கண்ணாடிக்கு ஆகாது. மற்றபடி அது ராஜா.

நீள லென்ஸில் ஜன்னலும் அழகாக விழுந்தது. எல்லாம் தெளிவு. ஆனால் தாளில் விழுந்த படம் மங்கல். தாளுக்கு மேல் துண்டைப் போட்டுத் தலையை நுழைத்துத்தான் பார்க்க முடிந்தது.

"அக்கா, ஞாயித்துக்கிழமை உனக்கு எப்ப வேலை வரும்?"

"என்ன கேக்குத?"

"பந்து எப்ப உங்கிட்ட அதிகமா வரும்? தொடக்கத்துலயா, கடைசியிலயா?"

அவள் யோசிக்கவேயில்லை. "கடைசிப் பத்து நிமிஷம். வெளிச்சம் போக ஆரம்பிச்சதும் பேக் நிக்கிறவளுக்குப் பந்து தெரியாது, விட்டுருவா. அடிக்கிறவளுக்குக் கோல் கம்பம் தெரியும், வெள்ளை பெயிண்டுல்லா. கண்ண மூடிக்கிட்டு அடிப்பா. எல்லாம் என் தலையிலதான் வந்து விடியும். அன்னைக்கு ரெண்டு ஸ்ட்ரோக்கும் எப்ப வந்துச்சு?"

இருட்டில். எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. முடிவு அங்கேயே ஆகிவிட்டது. கோல்கீப்பரை எடுக்கத் தூர லென்ஸ் தேவையில்லை. அவள் ஓட மாட்டாள். நான் கம்பத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். எனக்கு வேண்டியது வெளிச்சம் மட்டும். சூரியன் விழுந்த பிறகு மைதானத்தில் கண்ணைக் கூசுகிற மாதிரி எதுவும் இருக்காது. ஏழு புள்ளிகளும் தூங்கும்.

"அண்ணாச்சி, எனக்குக் குட்டைதான் வேணும்."

"அட, தீய்ஞ்சு போனதுன்னு நீங்கதான தம்பி சொன்னீய?"

"தீய்ஞ்சாலும் அதுதான் வேணும்."

அவர் லென்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் பத்திரிகை நடையில் காரணங்களை அடுக்கினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாரே தவிர மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. அக்கா குறுக்கே வந்தாள்.

"அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடக் கூடாது. குட்டையில டப்புனு பத்திருது. பாக்குதவன் கண்ணச் சிமிட்டினா போச்சு. என்ன நடந்துச்சுன்னே தெரியாம மறுபடி காட்டுங்கம்பான். இல்லையா?"

"அப்படித்தான் கேப்பானுவ."

"நீளத்துல நாலு செகண்டு ஆகுது. பொட்டு விழும், புகை கிளம்பும், பத்துமா பத்தாதான்னு அவன் மூச்சப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். அப்பப் பத்தினாத்தான் அது ஆட்டம். எதிராளிய நிக்க வைக்கணும் அண்ணாச்சி. நான் கோலுக்குள்ள நின்னு அதத்தான செய்யுதேன்."

அண்ணாச்சி மடியிலிருந்த லென்ஸை மேசையில் வைத்தார். நீள லென்ஸையும் ஒரு பெட்டிக் குச்சியையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். நாங்களும் போனோம். பொட்டு விழுந்தது. ஒன்று, இரண்டு. மெல்லிய புகை. மூன்று. நான் உண்மையிலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சீத்.

"டீச்சர் சொல்லுதது சரிதாம்டே," என்றார் யாரையும் பார்க்காமல். இன்னொரு குச்சி எடுத்தார்.

அவர் சொன்ன விலையை நான் குறைத்துக் கேட்கவில்லை. லென்ஸைத் துணியில் சுற்றும்போது, வீட்டில் ஸ்பிரிட் இருக்கிறது, படலத்தைத் துடைத்துப் பார்க்கிறேன் என்றேன். கையை நீட்டித் தடுத்தார். "ஸ்பிரிட்டு விடாதீங்க. இது மருந்து, வச்சிரம்னு எலும்புப் பசை போட்டுக் காய்ச்சினது. ஸ்பிரிட்டு பட்டா இறுகிப் போகும். வெதுவெதுன்னு வெந்நீர்ல பஞ்ச நனைச்சு மெல்ல ஒத்தி எடுங்க. நாங்க மருந்துத் தட்டு கழுவுறதெல்லாம் அப்படித்தான்."

அன்று மதியம் பஞ்சை ஒட்டப் பிழிந்து, ஈரம் உள்ளே இறங்காமல், அரை மணி நேரம் ஒற்றி ஒற்றி எடுத்தேன். படலம் மஞ்சளாகப் பஞ்சில் வந்தது. நூறு கட்டுரையில் தேடினாலும் இந்த வைத்தியம் கிடைத்திருக்காது. புள்ளிகள் மட்டும் ஏழும் அப்படியே இருந்தன. தனியாகப் பார்த்தால் அழகாகக்கூட இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நல்ல கூட்டம். சுற்றிலும் கரிசல், காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் ஒட்டும், ஹாக்கிக்கு ஆகாது. எப்போதோ யாரோ சரளும் செம்மண்ணும் லாரி லாரியாகக் கொண்டுவந்து கொட்டி உண்டாக்கிய ஆடுகளம் அது. அக்கா கால் தடுப்புகளைக் கட்டிக்கொண்டு ஹெல்மெட்டுக்குள் தலையை நுழைத்தாள். பழைய ஆட்டத்தில் ஹெல்மெட் கிடையாது. கம்பி வலைக்குப் பின்னால் கண்ணும் வாயும் மட்டும் தெரிந்தன.

என்னிடம் ஒரே ஒரு ரோல். முப்பத்தாறு படம். முதல் பாதியில் மனதைக் கட்டுப்படுத்திப் பத்துதான் எடுத்தேன். அக்கா சொன்னது போலவே பந்து அவள் பக்கம் வரவேயில்லை. கம்பத்தில் சாய்ந்துகொண்டு தன் பின்வரிசைப் பெண்களைத் திட்டிக்கொண்டிருந்தாள். "ஏட்டி, பந்தப் பாக்காம யாரப் பாக்குத?" என்றதற்குக் கூட்டம் சிரித்தது.

இரண்டாம் பாதியில் சூரியன் இறங்கியது. கோலின் மேற்குப் பக்கம், கம்பத்திலிருந்து பத்தடி தள்ளி, பின் கோட்டுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மேற்கு வானம் என் முதுகுக்குப் பின்னால். எதிரே அக்கா, அவளுக்கு அப்பால் கிழக்கு எல்லைக்கோடு, சாலை, வேப்பமரங்கள். எல்லாம் மங்கிக்கொண்டு வந்தன. லென்ஸை முழுக்கத் திறந்தேன். 1.4. ஃபோகஸைக் கோல் கோட்டில் வைத்து நிறுத்திவிட்டேன். எட்டு படம் மிச்சம். கோல் இல்லை. கணக்குப் போட்டது போலவே எல்லாம் நடந்தது.

அப்போது தூத்துக்குடி அணிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. பின் கோட்டிலிருந்து ஒருத்தி பந்தை உள்ளே தள்ளுவாள், இன்னொருத்தி அதை நிறுத்திக் கோலைப் பார்த்து அடிப்பாள். அம்பயர் கைக்கடிகாரத்தைக் காட்டினார், இதுதான் கடைசி. கிழக்கு எல்லைக்கோட்டிலிருந்து எனக்கு நன்கு தெரிந்த குரல் ஒன்று எழுந்தது.

"பந்து தெரியலடே! எல்லாரும் லைட்டப் போடுங்க! பைக்கத் திருப்புங்க!"

அண்ணாச்சிதான். சாலையோரம் வரிசையாக நின்ற இருபது முப்பது பைக்குகள் உறுமின. ஒவ்வொன்றாக முகத்தைத் திருப்பின. எல்லா ஹெட்லைட்டும் கோலைப் பார்த்து, அதாவது என் லென்ஸைப் பார்த்து எரிந்தன. கண்ணை வைத்துப் பார்த்தேன். மோர். அக்காவும் இல்லை, கம்பமும் இல்லை. ஏழு புள்ளிகளும் விழித்துக்கொண்டுவிட்டன. அந்தக் கண்ணாடியைத் தீய்த்தவரே, அதற்கு ஆகாத ஒன்றையும் நல்ல மனதோடு அனுப்பி வைத்திருக்கிறார்.

ஓடி அந்தப் பக்கம் போக நேரமில்லை. விசில் ஊதப் போகிறார்கள். ஆபீஸ் ஜன்னல் ஞாபகம் வந்தது. ஜன்னல் கண்ணில் படாவிட்டால் முகம் வந்தது. இங்கே மறைக்க அக்காவைத் தவிர வேறு எதுவும் இல்லை. செம்மண்ணில் குப்புற விழுந்தேன். வயிற்றால் நகர்ந்தேன். ஹெட்லைட் கூட்டத்தில் பெரிய வெளிச்சங்கள் எல்லாம் அவள் உடம்புக்குப் பின்னால் போகும் இடம் ஒன்று வந்தது. அந்த நொடியில் அவள் முகம் லென்ஸில் திரும்பி வந்தது. கம்பி வலை, கண், திறந்த வாய்.

விசில். பந்து உள்ளே வந்தது, நின்றது, மட்டை விழுந்த சத்தம் கேட்டது. அக்கா "எனக்கு!" என்று கத்திக்கொண்டே என் பக்கம் சரிந்தாள். இடது கால் நீண்டது. அடித்தேன். லிவரை இழுத்தேன், இன்னொன்று அடித்தேன். பந்து கால் தடுப்பில் பட்டு என் தோளுக்கு மேலே பறந்து போனது. நீண்ட விசில். ஹார்ன் சத்தம். கோல் இல்லாத ஆட்டம்.

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "எடுத்தியா?"

"எடுத்தேன்."

"வந்திருக்கா?"

"நாளைக்குத்தான் தெரியும்."

"போன முறையும் இதத்தான் சொன்ன," என்றாள்.

மறுநாள் காலை பள்ளிக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். நான் குளியலறையில் ஃபிலிம் கழுவும் டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தேன். கதவுக்கு வெளியே அவள் குரல் நிமிடத்துக்கு ஒரு தடவை. "வந்துட்டனாலே?" "இன்னும் ஆறு நிமிஷம்." "வந்துட்டனா?" "கதவத் திறக்காதக்கா, இன்னும் ரெண்டு."

ஈர ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். முப்பதாவது கட்டம் இரண்டு விரல் அகலம்கூட இல்லை. ஆனால் அதில் பந்து இருந்தது. பந்துக்குப் பின்னால் கால். காலுக்கு மேலே முழு உடம்பு, கூர்மையாக, விளிம்பு விளிம்பாக. அவள் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"சுத்திலும் என்னலே கறுப்பா?"

"அது வெளிச்சம். படமாக்கினா வெள்ளையாயிரும்."

ஸ்கேன் செய்து திரையில் போட்டேன். ஹெட்லைட் வெளிச்சம் அவள் உடம்பைத் தாண்டிக் கசிந்து, அந்த ஏழு புள்ளிகளில் பட்டுச் சிதறி, அவளைச் சுற்றித் தடிமனான ஒரு வளையமாக நின்றது. வேறு நல்ல லென்ஸில் அது வந்திருக்காது. வளையத்துக்கு நடுவில் ஐம்பத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி காற்றில் படுத்திருக்கிறாள். கம்பி வலைக்குள் வாய் முழுக்கத் திறந்திருக்கிறது. அந்தக் கத்தல் கேட்கிறது.

அக்கா திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டு போனாள். பிறகு, "காலண்டர் சாமிக்குப் போட்ட மாதிரில்லா வட்டம் போட்டிருக்க," என்றாள். கொஞ்சம் கழித்து, "இடது கால் இன்னும் ஒரு சாண் போயிருக்கணும்."

அண்ணாச்சிக்கு ஒரு பிரதி கொண்டு போய்க் கொடுத்தோம். வளையத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "உங்ககிட்ட வந்தும் அது பத்த வைக்குதத விடலியே தம்பி," என்றார். படத்தை வாத்துக்கும் தராசுக்கும் நடுவில் ஒட்டச் சொன்னார்.

அக்காவின் பிரதிக்கு அவள் மறுபடி நிபந்தனை போட்டாள். "பின்னால எழுதிக் குடு. பேப்பர்ல எழுதுவியே, அது மாதிரி. நாலு வரி."

உட்கார்ந்து எழுதினேன். முதல் சொல்லாக அவள் பெயர். கடைசி விநாடி பெனால்டி கார்னரை அவள் இடது காலால் தடுத்தாள், அதனால்தான் கோல் விழவில்லை என்று எழுதினேன். நான்கு வரி சரியாக வந்தது. அவள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உதவி ஆசிரியரைப் போல ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள்.

"இனிஷியல் எங்கலே?"

பேனாவை வாங்கி, அவள் பெயருக்கு முன்னால் இருந்த சின்ன இடத்தில் எங்கள் இனிஷியலை எழுதிப் புள்ளி வைத்தேன்.